உதட்டக்காவும் என் கூப்பாங் சம்பாலும்

ஈப்போ நகரில் மனிதர்களின் உதட்டைப் பற்றி உதட்டக்காவைவிட அதிகம் கவலைப்பட்டவர் இன்னும் பிறக்கவில்லை. உதட்டுச்சாயம் விற்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் குமாஸ்தாவாக இருந்த உணவுப் பரிசோதனைக்கூடத்தில் அவர் மூத்த லேப் டெக்னீஷியன். பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில்தான் கடலைப் பார்த்தவர். ஆனாலும் கடற்கரையிலிருந்து வரும் ஒவ்வொரு சிப்பியும் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் சில உண்டு. அவை திடீரென்று பெருகும்போது, அவற்றைத் தின்னும் சிப்பியின் உடம்பில் நஞ்சு சேரும். சிப்பி சௌக்கியமாகவே இருக்கும். அதைத் தின்கிற நமக்குத்தான் முதலில் உதடு மரத்துப்போகும். அந்த நஞ்சைக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை.

அந்த வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவை மடக்கி, “அண்ணே, நேத்து கெராங் சிப்பி சாப்ட்டீங்களா? உதடு மரமரன்னு இருந்துச்சா?” என்று விசாரிப்பார். ஒருமுறை குவேய்தியாவ் என்னும் சீன நூடுல்ஸ் விற்கும் கடைக்காரரிடம், கெராங் எந்தக் கரையில் எந்தக் கிழமை அள்ளியது என்று கேட்டார். சுகாதார அதிகாரி வந்துவிட்டார் என்று பயந்த அந்தச் சீனர், அடுப்பை அணைத்துவிட்டுக் கடை உரிமத்தை எடுத்து நீட்டினார். அக்கா அதையும் முழுக்கப் படித்தார்.

“நல்லா வேகவச்சா நஞ்சு போயிரும்லா, அக்கா?” என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள்.

“கொதிக்க வச்சாலும் போகாது. லிமாவ் பழம் பிழிஞ்சாலும் போகாது. வாசமும் இல்ல, ருசியும் இல்ல. பின்ன எனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?”

தினமும் என் மேசைக்கு வந்து அதே உதட்டுக் கேள்வி. நானும் தினமும், “ஆமாக்கா, மரத்துப் போச்சு” என்று வாயைக் கோணிக் காட்டுவேன். ஆபீஸே சிரிக்கும்.

ஒரு திங்கட்கிழமை, முந்தின நாள் கடற்கரையில் வாங்கிய கூப்பாங்கை, அதாவது பச்சைச் சிப்பியை, மிளகாய் அரைத்துச் சம்பால் வைத்து மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனேன். தனிக்கட்டையின் சமையல், எனக்கே பெருமை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உதட்டில் எறும்பு ஊர்ந்தது. பிறகு விரல் நுனிகளில்.

“அக்கா... உதடு...” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்க. எல்லா நாளும் வாயக் கோணுவான். இன்னிக்குக் கோணல” என்றார் அக்கா. ஒரு பென்சிலை நீட்டி, “புடி” என்றார். அது என் விரல்களிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

“எத்தன சாப்ட்ட?”

“எட்டு.”

“மிச்சம் இருக்கா?”

நான் பிழைப்பேனா என்று கேட்க வாயெடுப்பதற்குள், மிச்சமிருந்த சம்பால் ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டது. காரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத அக்கா, அன்று என்னை ஏற்றிக்கொண்டு இரண்டு சிவப்பு விளக்குகளைத் தாண்டினார்.

மருத்துவமனையில் இருந்த தமிழ் டாக்டர், “அலர்ஜியா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர், சிப்பி நஞ்சு மாதிரி தெரியுது. இதுக்கு மாத்து மருந்து கெடையாது. மூச்ச மட்டும் பாத்துக்குங்க, ஒடம்பே வெளிய தள்ளிரும்” என்று சொல்லிவிட்டு லேபுக்கு ஓடினார்.

மறுநாள் மதியம் என் விரல்கள் மறுபடி எனக்குச் சொந்தமாகியிருந்தன. அக்கா ஒரு நீளத் தாளோடு வந்தார். அதில் குன்று குன்றாகக் கோடுகள்.

“ஒன் சிப்பிய அரைச்சு, ஆசிட்ல கொதிக்க வச்சு, வடிகட்டி மெஷின்ல விட்டேன். ஒவ்வொரு நஞ்சும் அதோட டைம்லதான் வெளிய வரும், பஸ் மாதிரி. ஈப்போ பஸ் இல்லலா, ஒழுங்கான பஸ். இது நாம லேப்ல வச்சிருக்கிற சுத்தமான நஞ்சு. இது ஒன் சம்பால். ரெண்டும் ஒரே நிமிஷத்துல வந்திருக்கு பாரு! அழகா இல்ல?”

என்னைச் சாய்க்கப் பார்த்த குன்றை நான் உற்றுப் பார்த்தேன். இன்னதென்று தெரிந்துவிட்டதால் பயம் பாதி குறைந்திருந்தது. “அழகாத்தான் இருக்குக்கா.”

அதே தாள் அன்றே அதிகாரிகளுக்கும் போனது. அந்தக் கரையில் கூப்பாங் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள்.

அவர் கிளம்பியதும் தாதி வந்து என் நாடியைப் பிடித்தார். “ஒங்க அக்காவுக்கு ரொம்பப் பாசம்லா. நேத்து அரை மணிக்கொரு தடவ போன். மூச்சு விடுறாரான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னதும் டப்புன்னு வச்சிருவாங்க.”

எங்கள் வீட்டில் நான் ஒற்றைப் பிள்ளை. தாதியிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.