ஊசிப்போச்சுங்க

சாமிக்குப் படைக்கவேண்டிய சாதத்தை ஊசவிட்டவள் நான். இதை எழுதும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

குரும்பலூரிலிருந்து அரியலூருக்கு மருமகளாக வந்த முதல் ஆடி வெள்ளி. இந்த வருசம் படையல் உன் கையால்தான் என்று அத்தை சொல்லிவிட்டார். பங்காளி வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் வருவார்கள். மருமகளின் லட்சணம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆர்வக்கோளாறில் விடிகாலையிலேயே தேங்காய் சாதம் கிளறி, சூடு ஆறுமுன் பெரிய தூக்கில் அடைத்து மூடிவிட்டேன். (அது புழுங்கும் என்று யார் கண்டது?)

பதினொரு மணிக்குத் திறந்தால் குப்பென்று வாடை. கரண்டியைத் தூக்கினால் நூல் வருகிறது. 'மாரியாத்தா, என் மானத்தைக் காப்பாத்து' என்று கொல்லையில் குழி தோண்டிக் கொட்டிவிட்டு, சிமெண்டு ஆலையில் வேலையிலிருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அங்கே மிஷின் இரைச்சல். இங்கே நான் கிசுகிசுக்கிறேன்.

"என்னங்க, ஊசிப்போச்சுங்க. அத்தைக்குத் தெரியாம கொட்டிட்டேன். வேற வாங்கிட்டுக் கொல்லை வழியா வாங்க." (கடைச் சோற்றைப் படைக்கத் துணிந்தேன். அதற்கு இன்னொரு கன்னம்.)

"ஏன்டி கொட்டுன? இந்தா வரேன்" என்று பதறினார். என்ன பக்தி என்று உருகிப்போனேன்.

பைக் சத்தம் கேட்டதும் அண்டாவோடு கதவைத் திறந்தேன். அவர் கையில் ஐஸ் சுற்றிய சின்ன டப்பா. உள்ளே இருந்தது அத்தைக்குச் சர்க்கரைக்குப் போடுகிற ஊசி மருந்து என்று அப்போது எனக்குத் தெரியாது.

"இதைப் பத்துப் பேருக்கு எப்படிங்க பரிமாறறது?"

"பத்துப் பேருக்கா? அம்மாவுக்கு மட்டுந்தானடி ஊசி."

அவர் போட்ட சத்தத்தில் கூடத்திலிருந்த அத்தனை பேரும் கொல்லைக்கு வந்துவிட்டார்கள்.

நான் சொன்னது ஊசிப்போச்சு. அவருக்குக் கேட்டது ஊசி போச்சு. நடுவிலிருந்த 'ப்' இரைச்சலில் போய்விட்டது. தாயின் மருந்தைப் பெண்டாட்டி கொட்டிவிட்டாள் என்று மனிதர் பர்மிஷன் போட்டு ஓடிவந்திருக்கிறார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அத்தை குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாரியாத்தா பசி தாங்குவா. சர்க்கரைக்காரி நான் தாங்க மாட்டேன். போயி உலைய வையி" என்றார். வந்திருந்த பெண்களே தேங்காய் துருவினார்கள். இரண்டு மணிக்குப் படைத்தோம். சாமி கோபித்துக்கொள்ளவில்லை என்றுதான் நம்புகிறேன்.

இப்போது அத்தைக்குத் தினமும் ஊசி போடுவது நான்தான். கையை நீட்டுமுன் இன்றைக்கும் கேட்பார்:

"மோந்து பாத்தியாடி?"