நேற்று நான் போகிறேன்

‘எஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்’ என்று மறுபடியும் எழுதியிருந்தாள் சுடா. சம்பத் சிவப்புப் பேனாவைத் திறந்தான்.

“நேத்துன்னா ‘கோ’ வராதுன்னு எத்தினி தபா சொல்றது?”

“அதான் நேத்துன்னு எழுதிட்டேனே. எங்க பாஷைல அது போதும்.”

சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஃபோர்மேனாக இருந்தபோது, அங்கே தையல் வேலைக்கு வந்திருந்த இந்தத் தாய்லாந்துக்காரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன் சம்பத். ஒப்பந்தம் முடிந்து இருவரும் ஆவடிக்கு வந்தார்கள். தெருக்காரர்கள் அவளைச் ‘சுதா’ ஆக்கினார்கள். தண்ணீர்க் குழாயடியிலேயே அவள் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். அவன்தான் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. ஃபோர்மேனாக இருந்தவனைப் போய் மூட்டை தூக்கச் சொல்கிறார்களே என்று சேர்ந்த இடத்திலெல்லாம் சண்டை போட்டு வெளியேறிவிட்டான்.

அம்பத்தூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில், வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சுடாவை அதில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தான். அவளுடைய இங்கிலீஷ் ஒன்றுதான் இடித்தது. அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

‘கோ’வைச் சரிசெய்ய ‘டிட்’ போடச் சொல்லிக்கொடுத்தான். ‘ஐ டிட் வென்ட்’ என்று எழுதினாள். அவனுக்கு அது சரியாகவே பட்டது, டிக் அடித்தான். பிறகு ‘தி’ விட்டுப்போகிறதென்று கண்டுபிடித்து, சந்தேகம் வந்தால் ஒன்று போட்டுவிடு என்றான். ‘தி மை தி ஹஸ்பெண்ட் டிட் வென்ட்’ என்று வந்தது. ஓரிரு தப்போடு இருந்த வாக்கியம், அவன் திருத்தத் திருத்த, அவனாலேயே படிக்க முடியாமல் போயிற்று.

கடைசியில், அம்பத்தூரில் டுடோரியல் நடத்தும் பக்கத்துத் தெரு வனஜாவோடு அவளை அனுப்பினான். தினமும் காலையில் ரயிலேறிப் போய்ப் பொழுது சாயத் திரும்பினாள். வீட்டுச் செலவையும் அவளே பார்த்துக்கொண்டாள். சிங்கப்பூர்ப் பணம் இன்னுமா தாங்குகிறது என்று அவளது சிக்கனத்தின் மேல் மட்டும் அவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

ஆனாலும் சாயங்கால நோட்டில் அதே ‘டிட் வென்ட்’தான். தன் தாயார் கன்னியம்மாள் எதிரிலேயே, மண்டையில் இருப்பது மூளையா களிமண்ணா என்று கேட்டான். சுடா சிவப்புப் பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். தெருவில் அவனை ஃபோர்மேன் சார் என்று யாரும் கூப்பிடாமலாகி நெடுநாளாயிற்று. பாட நேரத்தில் அவள் மட்டும் அவனைச் ‘சார்’ என்றாள். நாளெல்லாம் சிடுசிடுத்த அவன் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளியும்.

இவளுக்கு எழுத்து ஏறாது, காலில் விழுந்தாவது பட்டன் தைக்கிற வேலை வாங்கித் தந்துவிடலாம் என்று முந்தின நாளே சொல்லிவைத்து, ஒரு காலை அவளை அதே கம்பெனிக்குக் கிளப்பினான்.

“இன்னிக்கி வேணாம்ங்க. உங்க கைல ஒண்ணு சொல்லணும்.”

“இங்கிலீஷ்ல எழுதிக் காட்டு, படிக்கிறேன்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். ரயிலில் வழிநெடுக அவன்தான் பேசினான். மேனேஜர் எதைக் கேட்டாலும் ‘யெஸ் சார்’ மட்டும் சொன்னால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் துலுக்கானம் ஸ்டூலிலிருந்து எழுந்து விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். சம்பத் காலரைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனதோடு தலையசைத்தான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை.

“இன்னா மேடம், லீவு சொல்லிட்டு வந்துகீறீங்க? இங்கிலீசே தேவைப்படாத எடமா பாத்து ஒரு வேலை போட்டுக் குடுங்கன்னு மேனேஜராண்ட கேட்டுகினு இருந்தீங்களே, அந்த ஆளு இவருதானா?”