டோர்வெக்ஸ் மூலையின் வீழ்ச்சி

பொருநை நீருண்டு வளர்ந்த புயத்தினனும், அடையாள அட்டை ஊசலாடும் அகன்ற மார்பினனும், வாடிக்கையாளர் எவ்வளவு ஏசினாலும் வாடாத புன்னகையனும், பாளையங்கோட்டைச் சமாதானபுரத்துத் தேவமணி பெற்ற திருமகனுமாகிய ஹெப்ரான் வாழ்க! அவன் ஏந்திய வீடியோ கேம் கன்ட்ரோலர் வாழ்க! வண்ணார்பேட்டை மின்சாதனக் கடையின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட மூலையில், தன்னந்தனியனாய் நின்று அவன் பொருத பெரும்போரைப் பாடப் புகுகிறோம். சொல் தடுமாறாதிருக்க; கரண்டும் போகாதிருக்க.

டோர்வெக்ஸ் என்பது கடல்கடந்த கம்பெனியொன்று செய்து அனுப்பும் வீடியோ கேம் பெட்டி, டி.வி.யில் மாட்டி ஆடுவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் அத்தகைய பெட்டி வாங்கிய பதின்மரில் எழுவர் அதன் குடிகள். அந்நாளில் ஹெப்ரானின் மூலையில் ஆடக் காத்துநின்ற வரிசை, படியிறங்கி, தரைத்தளத்துக் குளிர்சாதனப் பெட்டிகளைக் கோட்டை மதில்போல் வளைத்து நின்றது. காலமென்னும் கயவன் சும்மா இருப்பானா? ஆளுக்கொரு போன் வந்தது. டீ ஆறுமுன் முடியும் ஆட்டம் வந்தது. பிறர் ஆடுவதைப் படுத்துக்கொண்டே பார்க்கும் பேரின்பமும் பின்னால் வந்தது. எழுவர் நால்வராயினர், நால்வர் ஒருவராகி, அவரும் பெட்டியை விற்க ஆள் தேடலானார். கம்பெனியோ கலங்கவில்லை. மக்கள் சுவை மாறியது மக்கள் செய்த பிழையென்று தெளிந்து, முன்னதினும் பெரிய, முன்னதினும் கனத்த, நூறு மணி நேரம் ஆடினாலும் முடியாத போர் விளையாட்டைத் தாங்கிய புதுப் பெட்டியொன்றைச் செய்து அனுப்பிவைத்தது. என்னே அந்த ஞானம்!

பெட்டியின் பின்னே மின்னஞ்சலில் ஓலையொன்று வந்தது. "சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மண்டல மேலாளர் கணேஷ்ராம் எழுந்தருள்வார். அவர் முன்னிலையில் வாடிக்கையாளர் ஒருவர் அரை மணி நேரம் இடைவிடாது ஆட வேண்டும். ஆடாவிடில் மூலை மூடப்படும்." மூலை மூடினால் மூலைக்காரனுக்கு என்ன வேலை? ஓலையை மூன்று முறை படித்த மாவீரன், மனைவி ரீபாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவள் கேட்டபோது, தலைவலி என்றான்.

சனிக்கிழமையும் விடிந்தது. கடை திறந்த சிறிது நேரத்தில், இரைதேடிப் புறப்பட்ட இளஞ்சிங்கங்களைப்போல் கல்லூரி மாணவர் நால்வர் மாடியேறினர். அவர்களுக்குத் தலைவி டார்லின் என்னும் பெண். ஹெப்ரான் பாய்ந்து சென்று, நாற்காலியிட்டு, பெட்டியை முடுக்கினான். அந்தோ! திரையில் 'அப்டேட் ஆகிறது' என்ற வட்டம் தோன்றி, சேற்றில் புதைந்த தேர்போல் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இது முடியதுக்குள்ள நாங்க போன்ல நாலு மேட்ச் ஆடிருவோம்," என்றாள் டார்லின்.

சொன்னபடியே ஆடினர், அவனுடைய நாற்காலியில் அமர்ந்து, அவனுடைய பிளக்கில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஆடினர்.

வட்டம் மறைந்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. இளையோர் பெட்டியை மறந்து எழுந்து தம்மில் அரட்டை தொடங்கியிருந்தனர். எட்டுத் திக்கும் நோக்கிய வீரன் கண்ணில், கிரைண்டர் பார்க்கப் போன மனைவி சொர்ணாம்பாளுக்காகக் கையில் மஞ்சப்பையுடன் காத்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் திருஞானசம்பந்தம் பட்டார்.

"சார், ஒரு அரைமணி நேரம் இதப் பிடிச்சிக்கிட்டு உக்காருங்க. எம் பொழப்பு இதுல இருக்கு."

"நமக்கு இதெல்லாம் தெரியாதுடே," என்றவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அமர்ந்தார். "ஆரைச் சுடணும்?"

"அந்தா வாரான் பாருங்க, அவன."

"அவன் நமக்கு என்ன செஞ்சான்?"

கம்பெனியின் ஆயிரம் பொறியாளரும் எதிர்பாராத கேள்வி அது. விடைக்குக் காத்திராமல் வாத்தியார், திரைக்குள் தம் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, குண்டுமழைக்கு நடுவே நடந்துசென்று, ஆற்றங்கரையில் நின்று கொக்குகளை எண்ணத் தொடங்கினார். சுட்டார்கள், செத்தார், எழுந்தார், விட்ட இடத்திலிருந்து எண்ணினார். "பதினேழு," என்றார் உரக்க.

டார்லின் போனை உயர்த்தி நேரலை தொடங்கினாள். கூட்டம் கூடியது. மிக்சி பார்க்க வந்தவர் வந்தனர். ஃபேன் வாங்க வந்தவர் வந்தனர். சிரிப்பொலி பாபநாசத்து அருவிபோல் முழங்கியது. மேலாளர் கணேஷ்ராம் மதுரையிலிருந்து வந்து நுழைந்தபோது கண்ட காட்சி யாது? முப்பது பேர் பெரிய திரைக்கு முதுகு காட்டி, தத்தம் போனில் அதே நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவரும் தம் போனை எடுத்தார். அவரும் திரும்பி நின்றார். கண்ணீர் வரச் சிரித்தார்.

அரை மணி முடிந்தது! வென்றான் ஹெப்ரான்! பன்னிரண்டு ஆண்டுப் பாரம் அவன் நெஞ்சைவிட்டு இறங்கிய அக்கணத்தில், மேலாளர் கூட்டத்தை நோக்கி, இதில் பெட்டி வாங்குவோர் எத்தனை பேர் என்று வினவினார்.

"வாங்கி என்ன செய்ய? சார் ஆடுததப் பாத்தாப் போதாதா?" என்றாள் டார்லின். முப்பது தலையும் ஆமோதித்து அசைந்தன.

மேலாளர் பிரகடனம் செய்தார்: "நேரலையில் பார்த்தவர் ஆயிரத்தெண்ணூறு, வாங்குபவர் எவருமில்லை. ஆகவே, மாபெரும் வெற்றி கண்ட இம்மூலை இன்றோடு மூடப்படுகிறது." பிறகு ஹெப்ரானின் கையைப் பிடித்துக் குலுக்கி, இதுபோன்ற உற்சாகத்தைத் தாம் எந்த ஊரிலும் கண்டதில்லையென்று மனமாரப் பாராட்டிவிட்டு லிஃப்டில் இறங்கினார்.

கூட்டம் கலைந்தது. ஹெப்ரான் கன்ட்ரோலரைத் துடைத்தான். துடைத்ததையே மீண்டும் துடைத்தான். அடுப்புப் பிரிவின் தலைவி சாரம்மாள் அருகே வந்தாள்.

"தம்பி, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்காதீய. எங்க பக்கம் ஆள் பத்தல. மொதலாளிட்ட நான் பேசுதேன். திங்கக்கெழம வந்து குக்கர் பக்கம் நில்லுங்க."

ஹெப்ரான் சரியென்று தலையாட்டினான். கன்ட்ரோலரை அட்டைப்பெட்டியில் வைத்து மூடினான்.

அன்று மாலை, கொடி சாய்ந்து, முரசு கிழிந்து, மூலையிழந்து, முப்பது முதுகுகளால் முறியடிக்கப்பட்டும் முகங்கோணாத அம்மாவீரன், மேலைமலைகளில் சிவந்து சாயும் கதிரவனே அவன் தோல்விக்கு நாணினனோ என ஐயுறுமாறு நடந்துசென்று, இனி இப்பிறவியில் எவ்விளையாட்டையும் ஏறிட்டும் பாரேனென்று வஞ்சினமுரைத்து, சமாதானபுரம் பஸ்ஸில் ஏறினான். சீட் கிடைத்ததும் போனை எடுத்துக் கேரம் ஆடினான்.