பெரட்டுக்களத்தில் நான் ஊதிய விசில்

நல்லது செய்யக் கிளம்பியவருக்கு ஒரு கண் தெரியாது. எனக்கு இருபத்திரண்டு வயதில் இரண்டுமே தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம், மாவுக்கே தட்டுப்பாடான காலம். இலங்கையில், அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் சுகாதார உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வேலையிலிருந்து நின்றுவிட்ட முதியவர்களுக்கு, வீட்டிலேயே செய்யக்கூடிய உடற்பயிற்சியையும் சத்துணவையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக ஏறி இறங்க எனக்குச் சோம்பல். (பதுளை டவுனில் வளர்ந்த கால் அல்லவா!) எல்லாரையும், தோட்டத்து ஆட்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்துக்கே வரச் சொல்லிவிட்டேன்.

விசில் ஊதி, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அத்தனை பேரும் கொழுந்துக் கூடையோடு வந்திருந்தார்கள். கூடை எதற்கென்று கேட்கும் புத்தி எனக்கில்லை.

"உக்காந்து எழும்புங்க. அஞ்சு தரம் போதும்."

முழங்கால் வீங்கியிருந்த முத்தாயி பத்தைத் தாண்டினார்.

"போதும் ஆத்தா!"

"இன்னும் முடியும் மிஸ்ஸி, பாருங்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியே தினம் ஒரு முட்டை, ஒரு கிளாஸ் பால் என்று பிரசங்கத்தையும் ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அதற்குள் முத்தாயி தடாலென்று விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வழுக்கிருச்சு மிஸ்ஸி, அம்புட்டுதான். பேரை வெட்டிறாதீங்க. நல்லா கொழுந்து எடுப்பேன்."

"எந்தப் பேரு ஆத்தா?"

பக்கத்தில் நின்ற கிழவர்தான் பதில் சொன்னார். "பெரட்டுல பேரு வாசிச்சா வேலைன்னுதானேங்க அர்த்தம்? திரும்பப் பேர் பதியிறீங்கன்னு வந்தோம்."

ஐயோ! வேலை இல்லை என்று நான் சொன்னதும் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம். வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

மறுநாள் மூச்சு வாங்க ஏறி முத்தாயியின் லயத்துக்குப் போனேன். வீங்கிய காலுக்கு ஒத்தடம் கொடுத்தபடி, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"வெறுந்தேத்தண்ணி."

அதன் பிறகு யாரிடமும் முட்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. என் பங்கு மாவில் கொஞ்சம் கொண்டுபோனேன். ஓடையோர வல்லாரையைப் பறித்துச் சேர்த்து ரொட்டி சுட்டோம். வீக்கம் வற்றியதும், உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கச் சொன்னேன். ஐந்தாவது தரம் நிறுத்திவிட்டு முத்தாயி சிரித்தார்.

"இதுக்காச்சும் பேர் பதிவீங்களா மிஸ்ஸி?"

இதை வீட்டில் சொன்னது என் தப்பு. சர்க்கரை வியாதிக்காரரான என் கணவரை நடக்கப் போகச் சொன்னால், இன்றும் "பேர் பதிவீங்களா மிஸ்ஸி?" என்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

முத்தாயிக்குக் கடைசிவரை யாரும் பேர் பதியவில்லை.