கறுத்த நாக்கும் மச்சான் ஏறிப் போன ஃபெரியும்

வயிற்றில் புண் உள்ளவனுக்கு வாய் சும்மா இருக்காது. யாரையாவது சபித்தால்தான் வலி கொஞ்சம் இறங்கும். முப்பது வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். (என்னைச் சாந்தமான மனிதன் என்று இப்போது சொல்பவர்கள் என் அல்சரைப் பார்த்ததில்லை.)

தொண்ணூறுகளில் ஒரு வருடம், கடலுக்கு அப்பால் எங்கோ காடு எரிந்து பினாங்கு முழுக்கப் புகை மூடிக் கிடந்தது. நண்பகல் சூரியன் அழுகிய ஆரஞ்சு மாதிரி தொங்கும். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் இருக்காது. அங்கிருந்து ஆள் பேசும் சத்தம் மட்டும் வரும்.

அந்த நாட்களில்தான் டாக்டர் எனக்குப் புது வைத்தியம் தொடங்கினார். "புண்ணுக்குக் காரணம் மொளகா இல்ல, கிருமி. மூணு வகை மாத்திர தர்றேன், சாப்பிட்டா போயிடும். வெட்ட வேண்டியதில்ல" என்றார். 'வெட்ட' என்ற வார்த்தையைக் கேட்டதுமே எழுந்து வெளியே வந்துவிட்டேன். மீதியை என் மனைவி கமலா உட்கார்ந்து கேட்டாள்.

மாத்திரை வாயில் துருப்பிடித்த காசின் ருசியைக் கொண்டுவந்தது. சோறும் காசு, தேத்தண்ணியும் காசு. எரிச்சலில் கீழ்வீட்டுச் சேவலைப் பார்த்து, "நாளைக்கு நீ கூவ மாட்டே" என்றேன். மறுநாள் அது கூவவில்லை. ஆபீஸில் மானேஜர் திட்டினார். "லிஃப்டுல மாட்டிக்கிட்டு முழிக்கட்டும்" என்று அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தேன். மாலையில் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து என் மச்சான் குணா நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான். கமலாவின் தம்பி, எங்களோடு தங்கியிருந்தவன். மீன் குழம்பு வாசனை என் புண்ணைத் தேடி வந்து குத்தியது.

"அத்தான், ஒரு வாய்?"

"தின்னுட்டுப் போ. போறவன் வீடு வந்து சேர மாட்டே."

"பாப்போம்லா" என்று சிரித்தபடி பைக்கை எடுத்துக்கொண்டு, ஃபெரி ஏறி அக்கரையிலிருக்கும் செபராங் ஜெயாவுக்குக் கிளம்பினான். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னான்.

நான் வாய் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். நாக்கு, கரி பிடித்த சட்டியின் அடி மாதிரி இருந்தது.

கருநாக்கு. நாக்கில் ஒரு புள்ளிக் கறுப்பு இருந்தாலே அந்த ஆள் சொன்னது பலிக்கும் என்று எங்கள் சனம் பயப்படும். அவர் எதிரில் பிள்ளைக்குச் சோறுகூட ஊட்ட மாட்டார்கள். எனக்குப் புள்ளி இல்லை, முழு நாக்கும் கறுப்பு. (கணக்குப்படி நான் துர்வாசருக்கு மேலே.) சேவல் போனது. மானேஜர் மாட்டினார். அடுத்தது குணா. அந்த லிஃப்ட் வாரம் ஒரு தடவை நிற்கும் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

குத்துவிளக்குத் தேய்க்கிற புளியையும் உப்பையும் எடுத்து நாக்கைத் தேய்த்தேன். நாக்கு வெளுக்கவில்லை, வயிறுதான் அலறியது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே பயம். கமலா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மதியம் போனது. சாயங்காலமும் வந்தது. குணா வரவில்லை. ஃபெரி வந்து சேரும் ஜெட்டிக்கு ஓடினேன்.

அங்கே கடல் இல்லை. சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. அதற்குள்ளிருந்து ஹார்ன் ஊளையிடும். பிறகு சுவரிலிருந்து ஒரு ஃபெரியின் முகம் மட்டும் வெளியே வரும். இறங்கியவர்கள் எல்லோரும் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். எதுவும் குணாவுடையது இல்லை. அவன் தட்டை எடுத்து மூடி வைத்திருந்த கமலாவின் முகம் நினைவுக்கு வந்தது.

சொல்லால் போனதைச் சொல்லாலேயே மீட்கலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு புகையிடம் பேசினேன். "குணா வந்துடுவான். நல்லபடியா வந்துடுவான்."

பக்கத்தில் நின்ற பெரியவர், "யார்கிட்ட தம்பி பேசுறீங்க?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஏதோ ஓதிக்கொண்டே பின்வாங்கினார்.

அடுத்த ஃபெரியில் எல்லோரும் இறங்கிய பிறகு, சாம்பல் பூசிய ஓர் உருவம் பைக்கைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தது. நான் அதன் காலைத்தான் முதலில் பார்த்தேன். தரையில் பட்டது.

"பாதி வழியில பைக் படுத்துருச்சு அத்தான். தள்ளிக்கிட்டே வர்றேன். நீங்க ஏன் அழுவுறீங்க?"

நாக்கை நீட்டிக் காட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பயப்படவில்லை. கண் பளபளத்தது.

"நெசமாவா? அப்ப லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் சொல்லுங்க."

வீட்டில் கமலா சாவகாசமாகச் சொன்னாள்: "அந்த மாத்திரைக்கு நாக்கு கறுக்கும்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. வெளிக்குப் போறதும் கறுக்குமாம், பயப்பட வேணாம்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க வாயத் தொறக்காம இருந்தீங்க. வீடே கோயில் மாதிரி இருந்துச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

"மருந்தோ மந்திரமோ, கலர் போறதுக்குள்ள சொல்லுங்க அத்தான்" என்று குணா விடவில்லை. சொன்னேன். நம்பர் வரவில்லை. புண் ஆறியது, நாக்கும் பழைய நிறத்துக்கு வந்தது.

இப்போதும் சொந்தத்தில் யாருக்கு நெஞ்செரிச்சல் என்றாலும் முதல் ஆளாக நலம் விசாரிக்க வருபவன் குணாதான். டாக்டர் என்ன மருந்து கொடுத்தார் என்று கேட்பான். பிறகு, "எங்க, நாக்க நீட்டுங்க" என்பான். கையில் பேனா தயாராக இருக்கும்.