மச்சினியை இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணியவர்

கொசு, கரப்பான், மழைக்கால ஈசல் இவற்றோடு எங்கள் ராஜமுந்திரியில் இன்னொரு ஜீவராசியும் உண்டு. ஊரில் யாருக்காவது இன்டர்வியூ என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து, காப்பி வாங்கிக் குடித்து, அவரைத் தயார் பண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கும். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். இல்லையா? நன்றாகப் பாருங்கள், இருக்கும்.

எங்கள் தெரு ஜீவனின் பெயர் நூகராஜு. ஆயுளில் ஒரே ஒரு இன்டர்வியூவுக்குப் போனவர். அங்கேயும் கேள்வி கேட்ட அதிகாரிக்கே கேள்வி கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மாமனார் வைத்துக் கொடுத்த மாவு மில்தான் கதி.

மச்சினி அனசூயாவுக்கு ஒரு புடவைக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. ஆஷாட மாதத் தள்ளுபடிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் புருஷன் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில். அவன் ஆட்டோ வாசலில், கோழி அடைய. இந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். பாவம், அவளுக்கு இருந்த கஷ்டம் போதாது என்று பாவாவும் வந்து சேர்ந்தார். அக்கா புருஷனை எங்கள் பக்கம் பாவா என்பார்கள்.

வீட்டிலிருந்த போர்வை, துண்டு, ஜன்னல் திரை எல்லாம் கூடத்துப் பாய்க்கு வந்தன. பாவா வாடிக்கையாளர். அனசூயா விற்க வேண்டும்.

"சிரி பாப்போம். அவ்வளவு வேணாம். ஆறு பல்லு தெரியணும். ஏழாவது தெரிஞ்சா ஜனங்க பயந்துடுவாங்க."

"இருக்கறதே கோணப் பல்லு பாவா. எதை எண்றது?"

"வாயாடாதே. உன் பலவீனம் என்னன்னு கேப்பாங்க. அளவுக்கு மீறி உழைக்கிறதுதான் என் பலவீனம்னு சொல்லு."

தங்கைக்கு ஒத்தாசையாக அடுப்படியில் இருந்த அவர் மனைவி சேஷாரத்னம் குரல் கொடுத்தாள். "எங்க குடும்பத்தோட பலவீனம்னு கேட்டா, இவரைக் கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டுடி."

இந்த அம்மாள் கல்யாணமான நாள் முதல் ஒரு உப்பாடா பட்டு கேட்கிறாள். மாம்பழ மஞ்சளில், அரக்கு பார்டர் போட்டது. 'பாக்கலாம், பாக்கலாம்' என்று பாவா பார்த்த பார்வையில் கோதாவரியே வற்றியிருக்கும்.

அவர் சொன்ன மகா உபதேசம் கடைசியில் வந்தது. "பாத்துட்டு வரேன்னு ஒருத்தன் எழுந்தா விடாதே. வழியை மறி. அப்படிப் போனவன் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல."

சொல்லிக்கொடுத்தாரே, வீட்டோடு இருந்தாரா? இந்த இனம் இருக்காது. கூடவே போனது. கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றான் காவல்காரன். பாவா வாடிக்கையாளர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே நுழைந்து, இன்டர்வியூ நடக்கிற கண்ணாடி அறை நேராகத் தெரிகிற பட்டுப் பிரிவில் உட்கார்ந்துவிட்டார். அறைக்குள் அனசூயா தெரிந்தாள். நிமிர், சிரி, ஆறு பல் என்று இவர் கையால் சைகை. எதிரே இருந்த விற்பனையாட்கள் அதைத் தங்களுக்கென்று நினைத்து, காட்டிய திசையிலிருந்தெல்லாம் புடவையை இறக்கினார்கள். குவியல் முழங்காலுக்கு வந்தது, மார்புக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கடைசியில் மீசைக்கு மேலேதான் பாவா தெரிந்தார்.

மேனேஜர் அனசூயாவிடம் பல்லையும் பார்க்கவில்லை, பலவீனத்தையும் கேட்கவில்லை.

"அந்தாளைப் பாரும்மா. வந்து ஒரு மணி நேரமாச்சு. ரெண்டு பசங்க ஓஞ்சு போயிட்டாங்க. அவரை வெறுங்கையோட அனுப்பாம இருந்தீன்னா நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு."

அனசூயா வந்து நின்றாள். மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

"யாருக்கு சார் புடவை?"

பாவா ஓரக்கண்ணால் மேனேஜரைப் பார்த்தார். "வீட்டுல... வீட்டுக்காரிக்கு."

"மாநிறமா இருப்பாங்களா சார்?"

"உனக்கே தெரி... ஆமாம்மா, மாநிறம்."

"அப்ப மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். ரொம்ப நாளா கேட்டுட்டிருப்பாங்களே சார், இந்த உப்பாடாவை?"

ஓய்ந்து கிடந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இவள் ஜோசியக்காரியா?

பாவா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணடித்தார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அவள் புடவையைக் கையில் வைத்துக் காட்டியதும் அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துவிட்டார்.

"தோள்ல போட்டுக் காட்டும்மா. அப்பதான் எடுப்பா தெரியும்" என்று முணுமுணுத்தார்.

போட்டாள். கடையே வெளிச்சமானது. விலைச் சீட்டைப் பார்த்த பாவா மட்டும் இருண்டு போய், குவியலைப் பிளந்துகொண்டு எழுந்தார்.

"பாத்துட்டு வரேம்மா."

அனசூயா நகர்ந்து வழியில் நின்றாள். "அப்படிப் போனவங்க திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல சார்."

சிரித்தாள். ஆறு பல். ஏழாவது தெரியவில்லை.

மில்லுக்கு பெல்ட் வாங்க வைத்திருந்த பணம் கல்லாவுக்குப் போனது. மேனேஜர் அசந்துவிட்டார். "நாளைக்குக் காலையில வந்துடும்மா. யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க பாவா சார். எல்லாம் அவர் போட்ட பிச்சை."

"அந்த மனுஷனை நான் பாக்கணுமே."

பணம் போன துக்கம் பாவாவுக்கு ஒரு வாரத்தில் ஆறியது. மேனேஜர் பக்கத்தில் பையோடு நின்றும் 'நான்தான் சார் அது' என்று சொல்ல முடியாமல் போன துக்கம் இன்னும் ஆறவில்லை. சேஷாரத்னம் அந்தப் புடவையைக் கட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வருகையில், 'முதல்ல விலை குறைஞ்சதைக் காட்டிட்டு அப்புறம்ல இதை எடுத்திருக்கணும்' என்று மனசுக்குள் ஒரு தரமாவது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா?

அப்படியானால் அடுத்த தடவை யாருக்காவது துணைக்குப் போகும்போது, பணப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.