அரியணையின் நான்காவது கால்

கடலுக்கு இந்தப் பக்கம் புதுக்கரை என்றொரு நாடு. அந்தப் பக்கம் ஒரு ராஜா. புதுக்கரைக்காரர்கள் குடிக்கிற தேநீருக்கு அவர் அங்கே இருந்தபடியே வரி போட்டார். இவர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தள்ளினார்கள், பிறகு ராஜாவின் ஆட்களைத் தள்ளினார்கள், கடைசியில் ராஜா எப்போதாவது வந்தால் உட்காரட்டும் என்று பேரவை மண்டபத்தில் போட்டுவைத்திருந்த அரியணையை வெளியே இழுத்துவந்து உடைத்தார்கள்.

உடைத்ததில் எட்டுத் துண்டுகள் தேறின. முதுகு, இருக்கை, இரண்டு கைகள், நான்கு கால்கள். போரை நடத்திய ஏழு குடும்பங்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. மிஞ்சியது ஒரு கால். போரில் செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஏழு குடும்பங்களைச் சேராதவர்கள் என்பது அப்போது இன்னும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் அந்தக் கால் மக்களுக்கு என்று முடிவாயிற்று. மக்கள் மொத்தமும் சேர்ந்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் கொடுத்துவைத்தார்கள். எல்லோரும் வந்துபோகிற இடம் அதுதான்.

அந்தக் காலுக்கு ஓர் அதிகாரமும் கொடுத்தார்கள். பேரவை கொண்டுவருகிற எந்தச் சட்டமும் மக்களுக்கு ஆகாது என்று தோன்றினால், அந்தக் காலை மண்டபத்துக் கல்தரையில் மூன்று முறை தட்ட வேண்டும். ஓசை கேட்டால் சட்டம் செத்தது. எட்டுத் துண்டுகளில் எதையும் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, பறிக்கக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். ‘எல்லோரும் சமம்’ என்று அழகான கையெழுத்தில் ஒரு பெரிய தாளில் எழுதி மண்டபத்துச் சுவரில் மாட்டினார்கள். எழுதியவர் பெரிய பண்ணைக்காரர். மை காயும்வரை பக்கத்தில் நின்று விசிறியவர்கள் அவருடைய அடிமைகள்.

முதல் தலைவருக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தவணை நாட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு வயலில் வேலை கிடக்கிறது என்று ஊருக்குப் போய்விட்டார். ஏழு குடும்பத்தாரும் அவருக்குச் சிலை வைத்தார்கள். வீட்டுக்குள் பேசிக்கொள்ளும்போது மட்டும், மனிதருக்கு விவரம் போதாது என்றார்கள்.

அதற்குப் பின் ஒவ்வொரு சட்டமாக வந்தது. அரியணைத் துண்டு உள்ள வீட்டார் மட்டுமே தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்பது முதல் சட்டம். அரியணை எவ்வளவு ஆபத்தானது என்பது அதை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத்தானே தெரியும் என்று விளக்கம் சொன்னார்கள். அடுத்தது தேயிலை வரி, ராஜா போட்டதைப் போல இரண்டு மடங்கு. இது அந்நியன் போட்டதல்ல, நாமே நமக்குப் போட்டுக்கொண்டது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். மக்கள் கைதட்டிவிட்டு வெந்நீர் குடித்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சிலவற்றுக்குத் தட்டினார்கள், சிலவற்றுக்குக் கடையில் கூட்டம் என்று போகாமல் இருந்துவிட்டார்கள். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகத் தட்டியதில் அந்தக் கால் இரண்டு விரற்கடை தேய்ந்துபோயிருந்தது.

இந்தக் கதை நடக்கும்போது கால் வடிவாம்பாளிடம் இருந்தது. புருஷனை இழந்தவள், கடையை ஒற்றை ஆளாக நடத்தினாள். ராத்திரி அந்தக் காலைத்தான் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். கடைப் பெஞ்சு ஆடினால் சாப்பிடுகிறவர்கள் அவளை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளும் கையில் அகப்பட்ட காகிதத்தை மடித்துப் பெஞ்சின் காலடியில் செருகிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவாள். சட்டம் தெரியாது, ஆனால் யாருக்குப் பசிக்கிறது என்பது தெரியும். தேயிலை வரியை மூன்று மடங்காக்கும் சட்டம் வந்தபோது அவள் தட்டிய தட்டில் மண்டபத்துத் தரையில் ஒரு சில்லு பெயர்ந்தது.

இதற்குள் ஏழு துண்டுகளும் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. யாரும் விற்கவில்லை, யாரும் பறிக்கவில்லை. ஏழு குடும்பங்களும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பெண்ணோடு சீர் போயிற்று, சீரோடு துண்டும் போயிற்று. சீர்வரிசையைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் எல்லாம் ஆதவராயர் வீட்டில் நின்றன. பெரிய ஆதவராயர் தலைவராக இருந்தவர், அவர் மகன் இப்போது தலைவர், பேரன் மித்திரராயன் கல்யாணத்துக்கு நின்றான்.

மித்திரராயனுக்கு வடிவாம்பாள் கடை மீன்குழம்பு பிடிக்கும் என்று ஆரம்பித்தது. பிறகு அவளுடைய மகள் செங்கமலத்தைப் பிடித்தது. செங்கமலத்துக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. பேரவைச் செயலர் பரந்தாமனார் வெற்றிலைத் தட்டோடு கடைக்கு வந்து, ஆடாத பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார்.

“ஆதவராயர் இல்லம் பொன்னோ பொருளோ எதிர்பார்க்கவில்லை. மரபு கருதி ஒரு மரத்துண்டு போதும்” என்றார்.

“அது என்னோடது இல்லீங்களே. ஊரோட சொத்து” என்றாள் வடிவாம்பாள்.

அப்படியானால் ஊரையே கேட்போம் என்றார் செயலர். ஊர் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நம்ம பொண்ணு அந்த வீட்டுக்குப் போறதுன்னா சும்மாவா என்றார்கள். வெறுங்கையோடா அனுப்புவது, நாளைக்கு மாமியார்க்காரி ஒரு சொல் சொல்லிவிட்டால் தலைகுனிவு நமக்கெல்லாம்தானே என்றார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் உள்ளேயே இருக்கும்போது தட்டுவானேன், வீட்டோடு சொல்லிக்கொள்ளலாமே என்று வடிவாம்பாளும் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலுக்கு எண்ணெய் தடவிப் பட்டுத்துணி சுற்றிக் கொடுத்தாள். அன்று ராத்திரி கடைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாமல், அரிசி மூட்டையை இழுத்துவைத்தாள்.

கல்யாணம் முடிந்த கையோடு பேரவை கூடியது. மண்டபத்தின் நடுவில் எட்டுத் துண்டுகளையும் சேர்த்து முடுக்கி நிறுத்தியிருந்தார்கள். இது அரியணை அல்ல, அரியணையை உடைத்ததன் நினைவுச் சின்னம் என்றார் செயலர். தலைவரான தந்தை விலகிக்கொள்ள, அதில் மித்திரராயனை உட்காரச் சொன்னார். அவர் அரசர் அல்லர், நின்று களைத்த குடிமகன் என்றும் சேர்த்துக்கொண்டார். செங்கமலம் பக்கத்தில் நின்றாள். சம்பந்தி என்பதால் வடிவாம்பாளுக்கு முன்வரிசை; கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

செயலர் புதிய சட்டத்தைப் படித்தார். தேர்தலால் மக்களுக்கு வேலை கெடுகிறது. ஆகவே இனிமேல் தேர்தல் இல்லை. இப்போது அமர்ந்திருப்பவர் களைப்புத் தீரும்வரை அமர்ந்திருப்பார், தீராவிட்டால் அவர் மகன் அமர்வார். வடிவாம்பாள் அந்தக் காலைப் பக்கத்தில் சார்த்தி வைத்திருப்பதாக நினைத்துக் கையை நீட்டினாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

மித்திரராயன் கையெழுத்துப் போடக் குனிந்தான். அரியணை சாய்ந்தது. தேய்ந்த கால் கல்தரையில் இடித்தது. அவன் பதறி நிமிர்ந்தான், மறுபடி இடித்தது. சரியாக உட்காரப் பார்த்தான், மூன்றாவது முறையும் இடித்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

மூன்று தட்டு. சட்டப்படி சட்டம் செத்துவிட்டது. செயலரின் முகம் வெளிறியதை வடிவாம்பாள் பார்த்தாள். அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கிவந்தது, அழுகை மாதிரி. யாரும் தூக்கித் தட்டாமலே அது தட்டிவிட்டதே என்றிருந்தது.

செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தட்டியது அரியணையா, ஆட்சேபமா என்பது தெளிவாகவில்லை. சீராக வந்த கால் சற்றே குட்டை என்பது மட்டும் தெளிவாகிறது. மறுபடி படிக்கிறேன்” என்றார்.

எல்லோரும் திரும்பி வடிவாம்பாளைப் பார்த்தார்கள். கடையில் பெஞ்சு ஆடும்போது பார்ப்பார்களே, அதே பார்வை. ஆதவராயர் வீட்டுப் பெண்கள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள். செங்கமலத்தின் முகம் சிவந்துபோயிற்று.

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. எதையாவது வையேன்” என்றாள் மெதுவாக.

பெண்ணைக் கொடுத்த இடத்தில், கொடுத்த சீர் சரியில்லை என்று நான்கு பேர் பார்க்கும்படி ஆகிவிட்டது. வடிவாம்பாளுக்கு உடம்பு கூசியது. சட்டமும் தேர்தலும் அந்த நிமிஷம் எங்கோ போயின. ஏதாவது காகிதம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். செயலர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த பெரிய தாளைச் சட்டத்திலிருந்து உருவி எடுத்துக் கொடுத்தார். இதில் எழுதியிருப்பது எல்லோருக்கும் மனப்பாடம், ஆகவே தாள் உபரி என்றார்.

அவள் அதை மடித்தாள். நல்ல தடித்த தாள். மடித்து, இன்னும் மடித்து, குனிந்து அந்தக் காலடியில் செருகினாள். அளவெடுத்துச் செய்ததைப் போல் பொருந்தியது.

செயலர் மறுபடி படித்தார். மித்திரராயன் குனிந்தான், கையெழுத்துப் போட்டான், நிமிர்ந்தான். ஒரு சத்தமும் இல்லை.

“இப்ப ஆடலை பாரு” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “கால் நம்மளோடது. வச்ச காகிதமும் நம்மளோடது.”

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். வடிவாம்பாளால்தான் குனிந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.